கிழக்குச் சுற்றை மூடியவர்

அந்த ஏப்ரல் கூட்டத்துக்கு நாற்காலி பத்தவில்லை. டேன்ஃபோர்த் பூங்காவில் இனிமேல் எந்த வண்டியும் ஓடக்கூடாது என்று எங்கள் மாவட்டத்தை நடத்தும் கவுண்டிக் குழு தீர்மானம் போடப்போகிறது என்ற செய்தி ஒரு வாரமாகவே பரவியிருந்தது. பனிச்சேறு ஒட்டிய பூட்ஸோடு ஆட்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். காட்டுப் பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டிகளைப் பழுது பார்த்துத்தான் நான் பிழைக்கிறேன். பூங்காவை மூடினால் என் பட்டறையையும் மூட வேண்டியதுதான்.

பூங்கா என்று பெயர்தான். இரும்புச் சுரங்கம் ஓய்ந்த பிறகு கம்பெனி கை கழுவிவிட்ட நாலாயிரம் ஏக்கர் காடு அது. கவுண்டி அதை வாங்கி வாசலில் ஒரு பலகை வைத்தது. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. வண்டி வைத்திருந்தவன் எல்லாம் நினைத்த பக்கம் ஓட்டினான். மலைச்சரிவுகள் அரித்துக் கிடந்தன, சதுப்பில் முழங்கால் ஆழத்துக்குக் குழிகள். ட்ரவுட் மீன் முட்டையிடும் ஓடையின் குறுக்கே மட்டும் பதினொரு இடத்தில் வண்டித்தடம் இருந்தது. மூடச் சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

எல்லாரும் கத்தி ஓய்ந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். உயரமான, ஒல்லியான ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஆர்வோ ஹாப்பலா. முப்பத்திமூன்று வருஷம் கவுண்டிச் சாலைகளில் மண்ணைச் சமன் செய்யும் கிரேடர் ஓட்டியவர். குளிர்காலத்தில் பனி தள்ளுவதும் அவர்தான். அந்த மார்ச்சில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய மஞ்சள் வண்டியை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் குரலை மட்டும் அதற்குமுன் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

“வண்டி ஓடுறதால ஓடை கெடல,” என்றார். “தண்ணி போற வழியில வண்டி ஓடுது, அதான் கெடுது. எல்லாத் தடத்தையும் அடைச்சிருங்க. ஒரே ஒரு சுத்து மட்டும் நான் போட்டுத் தர்றேன். ஒரு வருஷம் பாருங்க. மண்ணு அரிச்சுதுன்னா அதையும் மூடிக்கலாம்.”

“சம்பளம்?” என்று குழுத் தலைவி கேட்டார்.

“பென்ஷன் வருது. பழைய பொக்லைன் ஒண்ணு ஷெட்டுல துருப்பிடிச்சு நிக்குது. அதைக் குடுங்க.”

உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் ஒரு வருஷத்துக்குத் தள்ளிப்போனது. வண்டிக்காரர் சங்கத்தின் தலைவன் டுவெய்ன் வெளியே வந்ததும் அவர் முதுகில் தட்டி, “யோவ் ஹாப்பலா, உமக்குப் பேசத் தெரியும்னு எங்க யாருக்குமே தெரியாதுய்யா!” என்றான். ஆர்வோ தொப்பியை மாட்டிக்கொண்டு தன் டிரக்கில் ஏறிப் போய்விட்டார்.

மறுவாரமே காட்டுக்குள் போனார். பனி உருகிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தரை காயட்டும் என்று ஜூன் வரை காத்திருப்பார்கள். இவர் வேண்டுமென்றே உருகும் நாளில் நடந்தார். தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மரத்தடியில் மண்ணுக்குள் மறைந்து எந்தப் பாறையடியில் வெளியே வருகிறது என்று பார்த்து, அதற்குத் தள்ளி மரங்களில் ஆரஞ்சு நாடா கட்டினார். கட்டியதை மறுநாள் எதிர்த்திசையிலிருந்து நடந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் அவிழ்த்து வேறு மரத்தில் கட்டுவார்.

அந்த மே மாதம் அவர் பொக்லைனுக்கு ஒரு பெல்ட் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். நாடா கட்டிய வழியில் இரண்டு மைல் நடந்தும் ஆளைக் காணவில்லை. கடைசியில் ஒரு கட்டையில் உட்கார்ந்து, மெழுகுத்தாள் பிரித்து, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

“இங்க எதுக்கு இவ்வளவு வளைவு?” என்று கேட்டேன். “நேராப் போட்டா பாதி வேலைதானே?”

“நேரா இருந்தா வேகமா வருவான். வேகமா வந்தா பிரேக் அடிப்பான். பிரேக் அடிச்ச இடத்துல குழி விழும். குழியில தண்ணி நிக்கும்.” மென்று விழுங்கினார். “வளைவு வெச்சா அவனே மெதுவா வருவான். பலகை வெச்சுச் சொல்ல வேண்டியதில்ல.”

என் பட்டறையில் அவர் மொத்தமாகப் பேசியதைவிட அது அதிகம். இரண்டு பேரும் பாஸ்டியைத் தின்று முடித்தோம். நான் கிளம்பியபோது, “வந்ததுக்கு நன்றி, மார்லிஸ்,” என்றார். பெல்ட்டுக்கு நன்றி சொல்லவில்லை. வந்ததற்குத்தான் சொன்னார்.

அவருக்கு ஒரு காலத்தில் மனைவி இருந்தாள். லொரெய்ன். கல்யாணமான ஒன்பதாவது வருஷம் டுலூத் நகரத்துக்குப் போய்விட்டாள். சண்டை, சச்சரவு எதுவும் இல்லை. “இந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்கிற மாதிரியே இல்ல ஆர்வோ” என்று சொன்னாளாம். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாராம். பெட்டிகளை அவரே டிரக்கில் ஏற்றி டுலூத் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். இதை லொரெய்னின் அக்காதான் என்னிடம் சொன்னாள். அவர் இதைப்பற்றி வாயே திறந்ததில்லை.

முதல் சுற்று ஏழு மைல். அடுத்த வசந்தத்தில் குழு வந்து பார்த்தது. மண் அரிக்கவில்லை, ஓடை தெளிவாக ஓடியது. இன்னும் போடுங்கள் என்றார்கள். மூன்று வருஷத்தில் இருபத்தாறு மைல் ஆயிற்று. விஸ்கான்சின், மின்னசோட்டா என்று வெளி மாநிலங்களிலிருந்தும் டிரெய்லரில் வண்டியைக் கட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். என் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்த இரண்டாவது லிஃப்ட் போட்டேன்.

அவர் போட்டதிலேயே அழகானது கிழக்குச் சுற்று. மேப்பிள் மேட்டின் முதுகோடு போகும். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, கீழே தூரத்தில் பெரிய ஏரி முழுவதும் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் எல்லாரும் வண்டியை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் மேடு முழுக்கச் சிவந்திருக்கும்.

ஆர்வோ அங்கே யாரோடும் நின்று நான் பார்த்ததில்லை. சனி, ஞாயிறு கூட்டம் வரும்போது அவர் மறுகோடியில் வடிகாலைத் தோண்டிக்கொண்டிருப்பார். சங்கத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு எத்தனையோ முறை கூப்பிட்டேன்.

“எனக்கு அங்க என்ன வேலை?”

“வேலை இல்ல. மீன் திங்கலாம். நாலு பேர் உங்களப் பாக்கணுங்கிறாங்க.”

“பாதையப் பாத்தாப் போதாதா?”

அவருடைய வண்டி ஒரு பழைய சிவப்பு வண்டி. சைலன்சரில் விரிசல். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் நிற்கும். சரி செய்து தருகிறேன் என்றால், “போகுதுல்ல?” என்பார். அவ்வளவுதான்.

கிழக்குச் சுற்று திறந்த மாதமே எனக்கு ஒரு தொலைபேசி வந்தது.

“உங்க கடையில சைலன்சர்னு ஒண்ணு விக்கிறீங்களா? இல்ல, அப்படி ஒண்ணு கண்டுபிடிச்சதே உங்களுக்குத் தெரியாதா?”

அதுதான் வெர்னா ட்ரெவாரோ. பூங்காவின் கிழக்கு எல்லையை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. கணவர் கிளிஃப்டன் சுரங்கத்தில் இருந்தவர், நுரையீரல் கெட்டு அந்த வீட்டிலேயே இறந்தார். மேப்பிள் மேடு வெர்னாவின் சமையலறை ஜன்னலிலிருந்து இருநூறு அடிகூட இருக்காது. காற்று கிழக்கே திரும்பினால் கோப்பைகள் அலமாரியில் கிணுகிணுக்கும் என்றார். அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு குழுக் கூட்டமும் அவர் தவறவிட்டதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறை வந்ததும் எழுந்து பேசுவார். டுவெய்ன் ஆட்கள் பின்னாலிருந்து வாயாலேயே இன்ஜின் சத்தம் போடுவார்கள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, “மூணாவது கியர்லயே ஓட்டுறியே டுவெய்ன், மாத்து,” என்றார் ஒருமுறை. கூடமே சிரித்தது. டுவெய்னும் சிரித்தான். ஆனால் ஒன்றும் மாறவில்லை.

கிழக்குச் சுற்று திறந்த ஐந்தாவது வருஷமோ ஆறாவது வருஷமோ, வெர்னா வாகன நிறுத்தத்தில் வைத்து ஆர்வோவை மடக்கினார்.

“மிஸ்டர் ஹாப்பலா. அந்தப் பாதையப் போட்டது நீங்கதானே?”

“ஆமாம்மா.”

“போட்ட பிறகு எப்பவாவது என் வீட்டுப் பக்கத்திலிருந்து கேட்டுப் பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“ஒரு சனிக்கிழமை வாங்க. என் சமையலறையில உக்காருங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு எது நியாயம்னு படுதோ சொல்லுங்க. நான் வாயத் திறக்கல.”

போனார். பத்து மணிக்குப் போய் நாலு மணிவரை இருந்தார். அன்று நடந்ததை வெர்னாதான் பிறகு எனக்குச் சொன்னார். காப்பி போட்டுக் கொடுத்தாராம், குங்குமப்பூ ரொட்டி வெட்டி வைத்தாராம். ஆர்வோ ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வண்டி வரும்போதும் வெர்னா தலையைத் தூக்காமலே, “இது டுவெய்ன். இது அவன் பொண்டாட்டி, எப்பவும் பின்தங்கித்தான் வருவா. இது புதுசு, ஊருக்கு வெளிய இருந்து வந்தவன்,” என்று சொல்லிக்கொண்டே பட்டாணி உரித்தார். மத்தியானம் கூட்டம் அதிகமானபோது அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஆர்வோ எழுந்துபோய் ஒரு கோப்பையின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

“என் வண்டியும் தெரியுமா?” என்று கேட்டார்.

“உங்களதா? அது செத்தவங்களையே எழுப்பிரும்.”

நாலு மணிக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டார். “நீங்க சொல்றது சரி,” என்றார். “இங்க பாதை போட்டிருக்கக் கூடாது. நான் தண்ணியத்தான் பாத்தேன். வீட்டப் பாக்கல. மாத்திர்றேன்.”

அடுத்த கூட்டத்தில் அதையே சொன்னார். சங்கம் கொதித்தது. கிழக்குச் சுற்றுக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள், அந்த ஏரிக் காட்சி வேறு எங்கே கிடைக்கும், ஒரே ஒரு கிழவிக்காக நாங்கள் எல்லாரும் இழக்க வேண்டுமா என்று டுவெய்ன் கத்தினான். “வெச்சவனே புடுங்கினா யாருய்யா கேக்குறது?” என்றான். ஆர்வோ எழுந்து மேஜைக்குப் போனார். வடக்குச் சரிவில், பாறைக்கு நடுவே, புதிய வழி ஒன்று வரைந்து எடுத்து வந்திருந்தார். அதை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். குழு ஒத்துக்கொண்டது. வேலைக்கு ஆள் தருவதாகச் சொன்ன சங்கம், ஒரு ஆளைக்கூட அனுப்பவில்லை.

இரண்டு கோடை. தனியாக. ஐந்து மைல். அந்தச் சரிவில் பொக்லைன் போகாத இடங்களில் கடப்பாரையால் பாறையைப் பெயர்த்தார். வாரத்துக்கு ஒருமுறை பட்டறைக்கு வருவார், டீசல் குழாயோ போல்ட்டோ வாங்கிக்கொண்டு போவார். கை இரண்டும் மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தது. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்க் கல் சுமந்தேன். இன்னும் போயிருக்கலாம். எனக்கும் கோடைதான் சம்பாதிக்கிற காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டுவெய்ன் ஆட்கள் அவரைச் சாலையில் பார்த்தால் கையசைப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். பிடிக்காதவனுக்குக்கூட ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்குவோம்.

செப்டம்பரில் புதிய வழி திறந்தது. திறப்பு நாளில் டுவெய்ன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு,” என்றான். “ஏரி மூணு இடத்துல தெரியுது.” அதை ஆர்வோவிடம் சொல்லடா என்றேன். சொல்கிறேன் என்றான். சொல்லவில்லை.

பழைய கிழக்குச் சுற்றை மூடுவதுதான் மிச்சம். அக்டோபர் முழுக்க ஆர்வோ அதைச் செய்தார். அம்புப் பலகைகளைப் பிடுங்கினார். பாதைமேல் மரக்கட்டைகளை இழுத்துப் போட்டார். புல் விதை தூவி வைக்கோலால் மூடினார். தான் போட்டதிலேயே அழகானதை ஒவ்வொரு அடியாகக் காடாக்கிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் வெர்னாவின் வீட்டுப் பக்கம் கேட்ட ஒரே வண்டிச் சத்தம் அவருடைய சிவப்பு வண்டியுடையதுதான்.

அக்டோபர் இருபத்தி இரண்டு. மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஒன்றேகால் மணிக்குப் பட்டறைத் தொலைபேசி அடித்தது.

“மார்லிஸ், ஹாப்பலா வண்டி திரும்பி வரல.”

“சாப்பிட உக்காந்திருப்பாரு வெர்னா. எங்கயாவது கட்டை மேல.”

“சாப்பிட உக்காந்தா வண்டிய அணைப்பாரு. அணைச்சா ரெண்டு தடவை இருமும். பதினொண்ணே கால் இருக்கும், இன்ஜின் பெருசா உறுமிச்சு, சட்டுனு நின்னுபோச்சு. இருமல. அதுக்கப்புறம் கிளப்பவும் இல்ல.”

அந்த வண்டி இருமாமல் நிற்க ஒரே வழிதான் உண்டு. தலைகீழாகக் கவிழ வேண்டும்.

“நான் கோட்டை மாட்டிக்கிட்டேன்,” என்றார் வெர்னா. “நடந்து போறேன். நீ வண்டிய எடுத்துக்கிட்டு வா.”

“அந்த முழங்காலோட நீங்க எங்க—”

வைத்துவிட்டார். நான் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொன்னேன், டுவெய்னுக்குச் சொன்னேன், முன்னால் வின்ச் என்ற இழுவைக் கம்பிச் சுருள் கட்டிய இரட்டை இருக்கை வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். அவர் போட்டு வைத்த கட்டைகளையே ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. நான் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது.

ஏரி தெரியும் திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே, வடிகால் பள்ளத்தில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. பெரிய மேப்பிள் கட்டை ஒன்றைச் சங்கிலியில் கட்டி இழுத்திருக்கிறார். கட்டை வழுக்கிச் சரிவில் இறங்கி, வண்டியையும் பின்னோக்கி இழுத்துப் புரட்டிவிட்டது. ஆர்வோ இடுப்புக்குக் கீழே வண்டிக்கடியில் மாட்டியிருந்தார். வெர்னா சேற்றில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தார். தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தியிருந்தார். கம்பளிச் சட்டையோடு மழையில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஆர்வோவின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது.

வின்ச் கம்பியை மரத்தில் சுற்றி, வண்டியை அங்குலம் அங்குலமாகத் தூக்கினேன். அப்போது டுவெய்னும் தீயணைப்பு ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். பலகையில் வைத்துக் கட்டும்போது நான் அழுதுகொண்டே திட்டினேன்.

“ரெண்டரை மணி நேரம்யா! ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? வீடு இருநூறு அடியில இருக்கு!”

“யாரு கேக்கப்போறாங்கன்னு நெனச்சேன்,” என்றார் ஆர்வோ.

வெர்னா அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். “எட்டு வருஷமா நான் கேட்டுக்கிட்டேதானய்யா இருக்கேன்!”

டுவெய்ன் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான். பிறகு பலகையின் ஒரு முனையை அவன்தான் தூக்கினான், சாலை வரைக்கும் வேறு ஆளிடம் மாற்றிக் கொடுக்கவில்லை.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மார்க்கெட் என்ற ஊரில் உள்ள மருத்துவமனையில் ஏழு வாரம். திரும்பி வந்தபோது கையில் கோல். நிற்கலாம், வீட்டுக்குள் நடக்கலாம். காட்டில் நடக்க முடியாது. பாதை வேலையைச் சங்கம் எடுத்துக்கொண்டது, ஒழுங்காகவும் செய்தது. டுவெய்ன் மாதம் ஒருமுறை வந்து எந்த வடிகாலில் என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டுப் போவான். மரியாதைக்காகக் கேட்டானா, நிஜமாகவே தெரியாமல் கேட்டானா, தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அந்த வசந்தத்தில் வெர்னா என் பட்டறைக்கு வந்தார். பழுது பார்க்க அவரிடம் நாலு சக்கர வண்டி எதுவும் கிடையாது, கார் மட்டும்தான். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒண்ணுமே கேக்கல மார்லிஸ்,” என்றார்.

“காதுக்கு டாக்டரப் பாக்கணுமா?”

“காது நல்லாத்தான் இருக்கு. கேக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. காலையில எந்திரிக்கிறேன், பாத்திரம் கழுவுறேன், ஜன்னல்கிட்ட நிக்கிறேன். சனிக்கிழமையா செவ்வாக்கிழமையான்னு தெரியல.” கைப்பையின் பிடியை முறுக்கினார். “டுவெய்ன் பொண்டாட்டி இப்பவும் பின்தங்கித்தான் வர்றாளா?”

“ஆமா.”

“பாவம்,” என்றார். சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்னாவின் கார் ஆர்வோ வீட்டு வாசலில் நிற்கும். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் ரொட்டி கொண்டுபோவார், ஆர்வோ காப்பி போடுவார், இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை நான் போனபோது அரைமணி நேரத்தில் மொத்தம் ஆறு வார்த்தைதான் பேசினார்கள். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

ஒரே ஒரு முறை வெர்னா கேட்டாராம், பழைய கிழக்குச் சுற்றில் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வண்டி விடலாமா என்று. ஆர்வோ கொஞ்சம் யோசித்துவிட்டு, “புல்லு முளைச்சிருச்சு வெர்னா. வேர் பிடிச்சிருக்கு,” என்றாராம். “மூட வேணாம்னு நான் அப்பவே சொல்லியிருக்கணும்,” என்றார் வெர்னா. “அப்ப உங்களுக்கும் தெரியாதே,” என்றார் இவர்.

இப்படி இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் வெர்னாவுக்கு முழங்கால் முழுசாக விட்டுப்போயிற்று. அரிசோனாவில் இருக்கும் மகன் வந்து பேசினான், வீட்டை விற்க ஏற்பாடு செய்தான். ஆகஸ்ட் கடைசியில் பயணம். கிளம்புவதற்கு முந்தின நாள் வெர்னா என்னைக் கூப்பிட்டார்.

“எனக்காக அந்த மனுஷன் ரெண்டு கோடை பாறை உடைச்சாரு. நான் அந்த இடத்தப் பாத்ததே இல்ல. கூட்டிட்டுப் போறியா?”

நான்கு பேர் உட்காரும் வண்டி ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். வெர்னாவை முன்னால் ஏற்றி பெல்ட் போட்டுவிட்டேன். ஹெல்மெட்டை மாட்டியதும், “இந்தக் கோலத்துல கிளிஃப்டன் என்னப் பாத்தா டைவர்ஸ் பண்ணிருப்பான்,” என்றார். ஆர்வோவைப் பின்னால் ஏற்றவே பத்து நிமிஷம் ஆனது.

மெதுவாகத்தான் ஓட்டினேன். வேகமாக ஓட்ட அந்தப் பாதை விடவும் விடாது. பாறைகளுக்கு நடுவே ஏறி, பிர்ச் மரங்களுக்குள் நுழைந்து, மறுபடி ஏறியது. முதல் திருப்பத்தில் ஏரி தெரிந்தது. வெர்னா என் கையைத் தட்டினார். நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

நீலமாக, விளிம்பே இல்லாமல் கிடந்தது. எங்கேயோ ஒரு தாதுக் கப்பல் நகராமல் நிற்பதுபோல் நகர்ந்துகொண்டிருந்தது.

“இத எல்லாம் உங்க கையாலயா உடைச்சீங்க?” என்று திரும்பாமலே கேட்டார் வெர்னா.

“கொஞ்சம் பொக்லைன்ல.”

“நான் வேணாம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா?”

“அப்பவும் உடைச்சிருப்பேன். அங்க இருந்தது தப்பு.”

கப்பல் ஒரு விரலளவு நகர்ந்திருக்கும். பிறகு வெர்னா சொன்னார். “அரிசோனாவுலயும் மலை இருக்காம் ஆர்வோ. என் மகன் வீட்டுல ஒரு அறை சும்மாதான் கிடக்கு.”

மிஸ்டர் ஹாப்பலா என்று சொல்லாமல் ஆர்வோ என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்க வேண்டும் நான். எனக்கு அது தோன்றவில்லை.

ஆர்வோ கோலை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

“அங்க பனி பெய்யாதுல்ல?” என்றார் கடைசியில்.

“பெய்யாது.”

“அப்ப எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது, வெர்னா.”

வெர்னா தலையை ஆட்டினார். “போகலாம் மார்லிஸ்,” என்றார். “ரொம்ப ஆட்டுது உன் வண்டி.” இன்ஜின் அணைந்துதான் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகன் காரில் கிளம்பினார்கள். நானும் டுவெய்னும் அவன் மனைவியும் வழியனுப்பப் போனோம். ஆர்வோ வரவில்லை. வெர்னா அவரைப்பற்றிக் கேட்கவில்லை. ஒரு குங்குமப்பூ ரொட்டியைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

அதை எடுத்துக்கொண்டு ஆர்வோ வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை. பூங்கா வாசலில் அவர் டிரக் நின்றது. உள்ளேதான் உட்கார்ந்திருந்தார், கை ஸ்டியரிங் மேல் இருந்தது. நான் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து ரொட்டியை நடுவில் வைத்தேன்.

“போயாச்சா?” என்றார்.

“போயாச்சு.”

“என்ன சொல்லியிருக்கணும் நான்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் தலையசைத்தார். எங்கள் முன்னால் இரண்டு டிரெய்லர்கள் வந்து நின்றன. யாரோ வெளியூர்க்காரர்கள், சிரித்துக்கொண்டே வண்டிகளை இறக்கி, ஹெல்மெட் மாட்டி, ஒருவர் பின் ஒருவராகப் பாதைக்குள் போனார்கள். டிரக்கில் இருந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் மட்டும் கையசைத்தான். ஆர்வோ ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

“வீட்டுக்குப் போகலையா?” என்று கேட்டேன்.

“போகணும்.”

இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குப் பட்டறை திறக்க வேண்டும், வாசலில் ஆள் காத்திருப்பான். இறங்கி, கதவைச் சாத்திவிட்டு என் வண்டிக்கு நடந்தேன். கடையைத் தாமதமாகத் திறந்தால் என்ன, அன்று நான் இன்னும் கொஞ்ச நேரம் அவரோடு உட்கார்ந்திருக்கலாம்.